காமாலை என்று எழுதிய காகிதம்

எய்யா,

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. வாசித்த கையோடு, கட்டியிருந்த பழஞ்சேலையோடேயே தபாலாபீசுக்குப் போய் உனக்குத் தந்தி அடித்தேன். ‘எதுவும் எழுதிக் கொடுக்காதே, வருகிறோம்’ என்று மட்டும்தான் அதில் இருக்கும். காரணத்தை எழுதவில்லை. தந்தி வாங்குகிற குமாஸ்தா நம் தெருக்காரர். அவர் கண்ணில் பட்டால் விளக்கு வைப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பயத்தில்தான் நான் எல்லாவற்றையும் கெடுத்தேன். இன்னும் புத்தி வரவில்லை பார். அதனால் விடிந்ததும் விடியாததுமாக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மேலவீட்டு அண்ணாச்சி இன்று மத்தியானம் ஜவுளி எடுக்க மதுரைக்கு வருகிறார். அவர் கையில் ஒட்டிக் கொடுத்துவிடுவேன். நாங்கள் நாளைக் காலை ரயிலில் வருகிறோம். ஒரு நாள்தானே, நேரிலேயே சொல்லலாமே என்று உனக்குத் தோன்றும். முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் வந்து இறங்கும்போது நீ இதைப் படித்து முடித்திருக்க வேண்டும்.

ஒன்றரை மாதமாகத் தூக்கம் இல்லை என்கிறாய். பேரேட்டில் ஒரே பக்கத்தை நாலு தடவை கூட்டியும் மனசு ஆறவில்லை என்கிறாய். கணக்கில் பெரிய தப்பு ஒன்று செய்துவிட்டதாகவும், அதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றும், ஒரு மாதம் லீவு போட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதி மானேஜர் கையில் கொடுத்துவிட்டு வேலையை விடப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். லீவுக்கு நம் டாக்டரிடம் காமாலை என்று ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி அனுப்பச் சொல்கிறாய். ‘அப்பாவும் அப்படித்தானே லீவு எடுத்தார்கள், காமாலை என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்’ என்று வேறு எழுதியிருக்கிறாய். கடைசி வரிதான் என்னை இடிந்து உட்கார வைத்துவிட்டது. ‘கடைசியில் நான் அப்பா மகன்தான் என்று காட்டிவிட்டேன்.’ களவாணி மகன் களவாணி என்று சொல்ல வருகிறாய். நீ அப்பா மகன்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீ நினைக்கிற விதத்தில் இல்லை.

உன் அப்பா ஆபீசில் ஒரு காசு எடுத்தது கிடையாது. ஒரு ரிக்கார்டைத் திருத்தியது கிடையாது. அவருக்குக் காமாலையும் வந்தது கிடையாது. அவருக்கு வந்தது மனசுச் சீக்கு. இந்த மூன்றையும் இந்த உலகத்தில் முழுசாகத் தெரிந்தவர்கள் நானும், உன் மாமாவும், டாக்டரும்தான். அப்பாவுக்கே கொஞ்ச காலம் தெரியாது. உனக்கு நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னைக் களவாணி மகன் என்று அடித்து, சட்டைப் பை கிழிந்து நீ வந்து நின்ற அன்றைக்குக்கூட நான் சொல்லவில்லை. பையைத் தைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். இப்போது சொல்கிறேன். பொறுமையாகப் படி.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. நீ மூன்றாம் வகுப்பு. அப்பா தென்காசியில் சர்க்கார் ஆபீசில் ரிக்கார்டு அறைக் குமாஸ்தா. நில சம்பந்தமான பழைய காகிதம் எது எந்தக் கட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அந்த வருஷம் பங்குனியில் இருந்து அவர் பேச்சுக் குறைந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் விட்டு வந்தவர் பாதி வழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். வேலை அதிகம் என்று நான் நினைத்துக்கொண்டேன். சித்திரையில் சம்பளத் தேதி போய் அடுத்த வாரமும் ஆகிவிட்டது, சம்பளம் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? “சம்பளத்த என்ன செஞ்சிய? சீட்டு கீட்டு ஆடித் தொலைச்சிட்டியளா?” என்று பிடித்துக்கொண்டேன். அவர் சத்தமே போடாமல் சொன்னார்: “நான் கையெழுத்துப் போடலட்டி. இந்த மாசம் நான் ஒரு வேலையும் செய்யல. செய்யாத வேலைக்கு ஸ்டாம்பு மேல கையெழுத்துப் போட்டா அது களவுல்லா?”

தினமும் பத்து மணிக்குப் போய் ஆறு மணிக்கு வருகிற மனுஷன் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் புரியும்? எனக்குக் கோபம்தான் வந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறையாக மறுநாள் ஆபீசுக்கு அனுப்பினேன். போய்க் கையெழுத்துப் போட்டார். பணத்தை வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். தோல் சிவக்கிற வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் அவரை நம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் எனக்குப் பெரியப்பா முறை வேண்டும் என்று உனக்குத் தெரியும். அவர் அப்பாவை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தாயி, இது மனசு சம்பந்தப்பட்டது. லீவு போட்டு ரெஸ்ட் எடுக்கணும். ஆனா சர்வீஸ் புஸ்தகத்துல இத ஏத்துனா ஆயுசுக்கும் இறங்காது. மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவான், லாயக்கில்லன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிருவான். நான் காமாலைன்னு போட்டுத் தாரேன்” என்றார். அந்த மாதிரி ஒரு பொய்யை அவர் என் மேல் உள்ள பிரியத்தால்தான் எழுதினார். நானும் பெரிய உபகாரம் என்றுதான் வாங்கிக்கொண்டேன். யோசனை அவருடையது என்றாலும் அதைக் காப்பாற்றி வைத்த கெட்டிக்காரத்தனம் முழுக்க என்னுடையது. பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று கீழாநெல்லியை அரைத்து வாசலிலேயே வைத்திருப்பேன். அப்பாவின் வேட்டியில் மஞ்சளைக் கரைத்துத் தெளித்து வைத்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரி. நான் அப்படிப்பட்டவள்தான்.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. உன் மாமா வந்தான். “எக்கா, வீட்டுக்குள்ள வச்சா இது தெளியாது. ஒரு மண்டலம் குத்தாலத்துல எண்ணெ தேச்சு அருவில நிறுத்துவோம். மூள சூடு இறங்கணும். எத்தன பேருக்குத் தெளிஞ்சிருக்கு” என்றான். நம் பக்கத்தில் காலங்காலமாகச் செய்கிறதுதானே. எங்கெங்கோ இருந்தெல்லாம் புத்தி கலங்கினவர்களைக் கொண்டுவந்து, இடுப்பில் துண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அருவியில் நிறுத்துவதை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சீசன் கூட்டத்தில் யார் யாரைக் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சன்னதித் தெருவுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தோம். உன்னையும் அக்காவையும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிக் கூட்டிக்கொண்டு போனோம்.

உன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் அந்தக் குற்றாலத்து நாட்கள்தான் என்று நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். மங்குஸ்தான் பழத்தைப் பிளந்து சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டு, ஐந்தருவிக்கும் பேரருவிக்கும் குதிரைவண்டியில் போய் வந்து, அப்பாவும் மாமாவும் கைகோத்துக்கொண்டு அருவிக்குப் போவதைப் பார்த்துக் கைதட்டினாய். அவர்கள் கைகோத்துக்கொண்டு போகவில்லை. மாமா தன் மணிக்கட்டையும் அப்பா மணிக்கட்டையும் ஈரத்துண்டால் சேர்த்துக் கட்டியிருந்தான். அப்பா தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வராமல் அங்கேயே நின்றுவிடுவாரோ என்று எனக்கு ஒவ்வொரு நாளும் உயிர் போய் உயிர் வரும். பிற்பாடு ஒரு நாள் அப்பா சொன்னார், அந்தச் சத்தத்துக்குள் நிற்கும்போது மட்டும்தான் மண்டைக்குள் ஓடுகிற கணக்கு கேட்காதாம். அதற்காகத்தான் வெளியே வர மனசில்லையாம். சாப்பாடு கொஞ்சம் இறங்க ஆரம்பித்தது. ஒரு நாள் உன் தலையைத் துவட்டிவிட்டார். தெளிந்துகொண்டுதான் வந்தார். இன்னும் ஒரு மாதம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை.

பத்தொன்பதாம் நாள், காலை பத்து மணி இருக்கும். பேரருவிக் கரையில் நான் பெண்கள் பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். அப்பா தலை நிறைய எண்ணெயோடு, மாமா பிடியில், படியில் நின்றார். எதிரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வந்தவர் அப்பாவின் ஆபீசர். சீசனில் ஆபீசர்கள் எல்லாம் குற்றாலத்துக்குத்தான் வருவார்கள் என்கிற சின்ன விஷயம் என் பெரிய மூளைக்கு எட்டாமல் போயிற்று. அவர் வெளியூர்க்காரர், கெட்ட மனுஷன் இல்லை. அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். “காமாலைன்னு லீவு எழுதியிருந்தீங்களே. காமாலைக்காரர் எண்ணெய் தேச்சு முழுகுறதை இப்பத்தான் பார்க்கிறேன்” என்றார். நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், காமாலை கண்டவனுக்கு எண்ணெய் ஆகாது. ஊரெல்லாம் பார்க்க நான் என் பொய்யின் தலையில் நானே எண்ணெய் தேய்த்து வைத்திருந்தேன்.

மாமா துண்டு முடிச்சை மறைக்கப் பார்த்தான். நான் ஈரச்சேலையோடு ஓடிவந்தேன். அந்த இடத்தில் என் வாயில் ஒரு வாக்கியம் வந்திருக்க வேண்டும். ‘ஐயா, இவருக்கு மனசு சரியில்லை, அதற்குத்தான் வைத்தியம் பார்க்கிறோம்’ என்று சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே லீவை நீட்டிக் கொடுத்திருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “காமாலை நல்லா குணமாயிட்டுங்க. அதான் குணமானதுக்குத் தலைமுழுக்கு” என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. “அப்படியா, ரொம்ப சந்தோஷம். அப்போ திங்கட்கிழமை டூட்டிக்கு வந்துடச் சொல்லுங்கம்மா, அங்க வேலை குவிஞ்சு கிடக்கு” என்றார். பொய் அவ்வளவு சுளுவாக வாயில் வந்ததற்கு எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது. அடுத்த நிமிஷம்தான் என் வாயாலேயே என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. குணமாகாத மனுஷனைத் திங்கட்கிழமை நாலு சுவருக்குள் அந்தக் காகிதக் கட்டுகளுக்கு நடுவே அனுப்பியாக வேண்டும்.

உன்னை அறையிலிருந்து அழ அழக் கிளப்பிக்கொண்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். ஏன் சீக்கிரம் போகிறோம் என்று கேட்டுக்கொண்டே வந்தாய்.

பதினோரு நாள் வேலைக்குப் போனார். பன்னிரண்டாம் நாள் நாலு முழுத்தாளில், இரண்டு பக்கமும், முத்து முத்தான எழுத்தில் ஒரு வாக்குமூலம் எழுதி ஆபீசர் மேஜையில் வைத்துவிட்டார். ஒன்பது வருஷமாக சர்வே நம்பர்களை மாற்றினேன், காகிதங்களை எடுத்து விற்றேன், இத்தனை பேர் நிலம் என்னால் போயிற்று, என்னைத் தண்டியுங்கள் என்று. அத்தனையும் அவர் மண்டைக்குள் ஓடிய கணக்கு. ஆனால் ஆபீசில் யாருக்குத் தெரியும் அது சீக்கு என்று? அவர்களுக்குத் தெரிந்தது காமாலை வந்து குணமாகித் திரும்பிய, நல்ல தெளிவான ஒரு குமாஸ்தா. அவன் தானே முன்வந்து எழுதிக் கொடுத்தால் நம்பாமல் என்ன செய்வார்கள்? கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். எந்த ரிக்கார்டு அறையில்தான் நாலு காகிதம் காணாமல் போகவில்லை? காணாமல் போனதெல்லாம் அப்பா தலையில் ஏறியது. விசாரணையிலும் அவர் தலையை ஆட்டி ஆட்டி ஒப்புக்கொண்டார்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் நான் யாரிடமும் சொல்லாதது, மாமாவுக்குக்கூடத் தெரியாதது. உத்தரவு போடுவதற்கு முன்னால் அந்த ஆபீசர் என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கதவைச் சாத்தாமல், நாற்காலி போடச் சொல்லி, மரியாதையாகத்தான் கேட்டார். “அம்மா, இவர் சுபாவத்துக்கும் இதுக்கும் ஒட்டவே இல்லை. வீட்ல எப்படி இருக்கார்? மனசுல ஏதாவது கோளாறு உண்டா? இருந்தா சொல்லுங்க, நான் வேற மாதிரி எழுதலாம்.” எய்யா, அவர் கையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். நான் “அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் இருக்காவ” என்றேன். உண்மையைச் சொன்னால் பொய் சர்ட்டிபிகேட் கொடுத்த டாக்டரின் கதி என்ன என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் உங்கள் இரண்டு பேரையும் பற்றியது. களவு என்றால் அவர் ஒருவரோடு போகும், பைத்தியம் என்றால் ரத்தத்தில் ஓடும் என்பார்கள், அக்காவை யாரும் கட்டமாட்டான், உனக்கு யாரும் வேலை கொடுக்கமாட்டான் என்று கணக்குப் போட்டேன். வாசல் வரைக்கும் வந்தவள் ஒரு நிமிஷம் நின்றேன். திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று நின்றேன். போகவில்லை. போலீசுக்கு அனுப்பாமல், டிஸ்மிஸோடு நிறுத்தினார் அவர். பென்ஷன் கிடையாது, வேறு எங்கேயும் சர்க்கார் உத்தியோகம் கிடையாது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் எதற்காக என்று தெரியாமல் பார்த்திருப்பாய். நான் கதவைச் சாத்திக்கொண்டு பீடி சுற்றினேன். நம் வீட்டுப் பெண்கள் பீடித் தட்டைத் தொட்டால் மானம் போய்விடும் என்று உன் சித்தப்பா வீட்டார் வந்து கூப்பாடு போட்டார்கள். சோறு போடுகிறேன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அப்பா ஒரு வருஷத்துக்கு மேல் சுவரைப் பார்த்தே கிடந்தார். ஒரு நாள் தானாகக் கத்திரியை எடுத்து, தகட்டை இலை மேல் வைத்து அளவாக வெட்டிப் போட்டார். மறுநாளும் வெட்டினார். அதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, ஆபீசர் கிடையாது, தப்பாக வெட்டின இலை யார் நிலத்தையும் பறிக்காது. அப்படித்தான் அவர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார். வேலை தேடிப் போன இடத்தில் எல்லாம் களவாணிக்குக் கல்லாப்பெட்டி பக்கத்தில் என்ன வேலை என்றார்கள். கடைசியில் மர டெப்போவில், தடிகளில் தார் தொட்டு நம்பர் போடுகிற தினக்கூலி வேலை கிடைத்தது. அத்தனை அழகான கையெழுத்து பத்து வருஷமாகத் தேக்கந்தடியின் முனையில் இருக்கிறது.

நான் போட்ட கணக்கு எவ்வளவு தப்பு என்று இப்போது பார். சீக்கை மறைத்தேன், சீக்கு போய்விடவில்லை. வேலையைக் காப்பாற்ற மறைத்தேன், மறைத்ததால்தான் வேலையே போயிற்று. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, களவாணி மகன் என்கிற பட்டத்தை எட்டு வயதில் உன் தலையில் நானே வைத்தேன். நீ பன்னிரண்டு வருஷமாக அப்பா முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் பேசுவதை நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்பாவும் சும்மா இருந்தார். தெளிந்த பிறகு நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆபீசர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதை மட்டும் விட்டுவிட்டு. அதையும் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே சர்ட்டிபிகேட் வராது. டாக்டருக்கும் வயதாகிவிட்டது, கேட்டால் பாவம் இன்னொரு தடவை எழுதித் தருவார், நான் கேட்கமாட்டேன். நீ செய்ததாகச் சொல்கிற தப்பு நிஜமாகவே இருந்தால் அதையும் உட்கார்ந்து பார்ப்போம், மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் தூங்காத கண்ணோடு நீ போடுகிற கணக்கை நான் நம்பமாட்டேன், நீயும் நம்பாதே. ஒருவேளை ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தால் அந்தத் தாளைக் கிழிக்கக்கூட வேண்டாம், பெட்டிக்குள் வைத்துப் பூட்டு, சாவியை அண்ணாச்சி கையில் கொடு. தனியாக இருக்காதே. இன்று அண்ணாச்சி தங்குகிற இடத்திலேயே போய்ப் படுத்துக்கொள், ஏன் என்று அவர் கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லாதே, மனசு சரியில்லை என்று சொல். சொல்லிப் பார். வாய் ஒன்றும் வெந்துவிடாது. மதுரையில் இதற்கென்றே படித்த டாக்டர் இருக்கிறாராம், மாத்திரையெல்லாம் இப்போது வந்திருக்கிறதாம், நம் டாக்டரே நேற்று எனக்குச் சீட்டு எழுதித் தந்தார். உன் மானேஜரிடம் நான் வந்து பேசுகிறேன். அவர் வேலையை வைத்திருப்பாரா, அனுப்பிவிடுவாரா, எனக்குத் தெரியாது. அனுப்பினாலும் சீக்குக்காரன் என்றுதான் அனுப்பட்டும். செய்யாத களவுக்கு நம் வீட்டிலிருந்து இன்னொருவன் பெயர் போகவிடமாட்டேன்.

உன் கடிதத்தை நேற்று அப்பா கையிலும் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே டெப்போவுக்குப் போனார், நான் பின்னாலேயே ஓடினேன். முதலாளியிடம் நாலு நாள் லீவு வேண்டும் என்றார். முதலாளி, “என்னவே திடீர்னு? கல்யாணமா, சாவா?” என்றார். உடம்புக்கு ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். எனக்கே வாய் துறுதுறு என்று வந்தது, பழக்கம் போகுமா? அப்பா சொன்னார்: “மகனுக்கு மனசு சீக்கா இருக்கு. எனக்கும் முன்ன இருந்துது. அதுல நானா எழுதிக் குடுத்ததுதான் அந்தக் களவு. நான் ஒண்ணும் எடுக்கல.” அங்கே நின்ற தடி தூக்குகிற ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி, “பத்து வருசமா நீரு போட்ட நம்பர் ஒண்ணு பிசகுனதில்ல. இத ஏன்வே இப்ப எங்கிட்டச் சொல்லுதீரு?” என்றார். “காரணம் கேட்டியளே” என்றார் அப்பா. “சரி, போயிட்டு வாரும். வந்த பொறவு பாப்போம்” என்றார் முதலாளி. அந்தப் ‘பாப்போம்’ என்ன பாப்போம் என்று எனக்குப் புரியவில்லை, திரும்பி வரும்போது அந்தத் தார்ச்சட்டி இவருக்கு உண்டா இல்லையா என்றும் தெரியவில்லை. அப்பா அதைப் பற்றி யோசித்த மாதிரியே இல்லை. வரும் வழியெல்லாம் நிமிர்ந்துதான் நடந்தார்.

இப்போது நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில்தான் நிற்கிறார். உனக்கு ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். “இந்த மாசம் முதல் தேதி கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குனானான்னு கேளு” என்றார். நீ உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, அவருக்கு மட்டும் தோன்றியிருக்கிறது. வாங்கியிருக்கமாட்டாய் என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. “வாங்கலன்னா இருக்கட்டும், அவசரமில்ல, கையக் கிய்ய கழுவிக்கிட்டே இருக்க வேண்டாம்னு எழுது. நாளைக்கு நான் வந்து பக்கத்துல நிக்கேன். அவன் செஞ்ச வேலைக்குத்தான் அந்தச் சம்பளம். நான் நிக்கும்போது போடட்டும்” என்கிறார்.

உன் அம்மா